ஜம்போ பையில் எத்தனை கிலோ ஏற்றலாம்?

கடையில் போய் ஜம்போ பை கேட்டால், "ஒரு டன் பையா, ஒன்றரை டன் பையா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துப் போடுவார்கள். வாங்கிப் போகிறவர் மனத்தில் பதிவது ஒரே கணக்குதான்: பை நிறைந்தால் ஒரு டன். அந்த எண்ணத்தைக் கலைக்கத்தான் இந்த அத்தியாயம். ஒரு டன் என்று அச்சிட்டிருப்பது பையின் துணியும் தையலும் நான்கு மூலை லூப்பும் சேர்ந்து தாங்கக்கூடிய எடை. பைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தனிக் கணக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது சரக்கைப் பொறுத்தது.

பரவலாகக் கிடைக்கும் பையின் அளவு 90 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம். பெருக்கினால் 0.89 கன மீட்டர். அரிசி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ. எனவே பை நிறைய அரிசி கொட்டினாலும் 700 கிலோவைச் சற்றே தாண்டும். ஒரு டன் பைக்கு ஆபத்தில்லை. உலர்ந்த எம்-சாண்ட் கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. அதே பை நிறைந்தால் 1,400 கிலோவுக்கு மேல். திருவனந்தபுரம் கரையோரத்தில் புழங்கும் இல்மனைட் என்ற தாது இன்னும் கனம். அதன் மணி நீரைப்போல நாலரை மடங்குக்கும் மேல் எடையுள்ளது. குவியலாகக் கொட்டினால் கன மீட்டருக்குச் சுமார் 2,500 கிலோ வரும். அதே "ஒரு டன் பை" நிறைய இல்மனைட் இருந்தால் உள்ளே 2,200 கிலோ இருக்கும்.

இந்த ஊரில் இந்தக் கணக்கு தெரியாமல் இருக்க முடியாது. 1946இல் தொடங்கிய கொச்சுவேலி திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலையின் மூலப்பொருளே இல்மனைட்தான். தெற்கே மணவாளக்குறிச்சியிலும் வடக்கே சவறையிலும் கடல் ஒதுக்கும் கருமணலிலிருந்து அது பிரித்தெடுக்கப்படுகிறது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் ஆராய்ந்து அதில் மோனசைட் என்ற மற்றொரு கனமான தாது இருப்பதைக் கண்டார். அன்றிலிருந்தே இந்தக் கரையின் கனமான மணலை உலகம் தேடி வந்துகொண்டிருக்கிறது. வீடு கட்டுகிறவரிடம் இல்மனைட் வராது. களியக்காவிளை வழியாக லாரியில் வரும் எம்-சாண்டும் ஜல்லியும் வரும். கணக்கு முறை ஆலைக்கும் வீட்டுக்கும் ஒன்றுதான்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

முறையாகத் தயாரித்த ஒவ்வொரு பையின் பக்கவாட்டிலும் ஒரு லேபிள் தைக்கப்பட்டிருக்கும். அதில் எஸ்.டபிள்யூ.எல். என்ற எழுத்துகளுக்கு எதிரே உள்ளதுதான் பாதுகாப்பான வேலைச் சுமை: 500, 1,000, 1,250, 1,500 கிலோ என்று இருக்கும். அடுத்து எஸ்.எஃப். என்று போட்டு 5:1 அல்லது 6:1 என்றிருக்கும். அது பாதுகாப்பு மடங்கு. தயாரித்த மாதமும் சோதனைச் சான்று எண்ணும்கூட அச்சிட்டிருக்க வேண்டும். லேபிள் கிழிந்து போன பையைச் சரக்குத் தூக்கப் பயன்படுத்தாதீர்கள். அதன் எண் தெரியாதபோது மேற்கொண்டு போடும் எந்தக் கணக்குக்கும் அடிப்படை இல்லை.

5:1 பை ஒருமுறை நிரப்பி ஒருமுறை காலி செய்வதற்கானது. 6:1 பையை, சேதமில்லாதவரை, மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அதைவிடக் கனமான வேலைக்கு 8:1 பையும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 21898 என்ற பன்னாட்டுத் தரம் இவற்றை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. 5:1 வகையில் மாதிரிப் பையை அதன் வேலைச் சுமையைப்போல இரு மடங்கு விசையில் 30 முறை இழுத்துத் தளர்த்துவார்கள். அதன் பின் ஐந்து மடங்கு விசை வரை இழுக்கும்போதும் அது அறுந்துவிடக் கூடாது. 6:1 வகைக்குச் சோதனை கடுமையானது: நான்கு மடங்கு விசையில் 70 முறை, பிறகு ஆறு மடங்கு.

ஆபத்தான சரக்கு என்று பட்டியலிடப்பட்ட பொருள்களுக்கு 13எச் என்று தொடங்கும் ஐ.நா. குறியீடு உள்ள பை வேண்டும். மாவு, சர்க்கரை, பிளாஸ்டிக் தூள் போன்ற, தூசி பறந்தால் தீப்பற்றக்கூடிய சரக்குகளுக்கு நிலைமின்சாரம் தொடர்பான ஏ, பி, சி, டி வகைகளில் எது பொருந்தும் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சி வகைப் பையை நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் தவறாமல் எர்த் இணைப்புக் கொடுக்க வேண்டும். நிலைமின்சாரம் தனி அத்தியாயத்துக்குரியது. இங்கே எடைக்கு வருவோம்.

வாளியும் தராசும்

சரக்கின் அடர்த்தியை அட்டவணையில் பார்த்து எடுத்துக்கொள்வது தொடக்கத்துக்குச் சரி. மேலே நான் கொடுத்த எண்களும் அப்படித் தோராயமானவையே. உங்கள் குவாரியின் எம்-சாண்டும் பக்கத்துக் குவாரியின் எம்-சாண்டும் ஒரே எடை இருக்காது. ஒரு பெயிண்ட் வாளியும் ஒரு தராசும் போதும், உங்கள் சரக்கின் எண் கையில் கிடைத்துவிடும்.

முதலில் காலி வாளியை எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மீண்டும் எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர் வாளியின் கொள்ளளவு. வாளியைத் துடைத்துவிட்டுச் சரக்கைக் கொட்டி, மட்டக்கோலால் விளிம்போடு வழித்து, எடை போடுங்கள். வாளி 20 லிட்டர் பிடிக்கிறது, சரக்கு மட்டும் 33 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 33ஐ 20ஆல் வகுத்தால் 1.65. அதாவது கன மீட்டருக்கு 1,650 கிலோ. ஒரு டன் பையில் இந்தச் சரக்கை 0.6 கன மீட்டருக்கு மேல் போடக் கூடாது. பையின் முக்கால் பங்குகூட நிறையாது. வாளியைத் தரையில் நாலு தட்டுத் தட்டி, சரக்கு அமுங்கிய இடத்தில் மேலும் கொட்டி இன்னொரு முறை எடை போடுங்கள். பெரிதாக வரும் எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும். லாரி குலுங்கும்போது சரக்கு அந்த நிலைக்குத்தான் வந்து சேரும்.

மண்ணும் மணலும் நனைந்தால் இந்தக் கணக்கு இரண்டு வழியில் ஏமாற்றும். லேசான ஈரத்தில் மணல் பொருமும். கொத்தனார்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஈர மணலை அளந்து வாங்கினால் நஷ்டம் என்பார்கள். அப்போது வாளி எடை குறைவாகக் காட்டும். முழுக்க நனைந்தால் நேர்மாறு. ஒரு டன் உலர்ந்த மணலில் ஏறத்தாழ பத்தில் நாலு பங்கு மணிகளுக்கிடையே உள்ள வெற்றிடம். அந்த வெற்றிடம் முழுவதும் தண்ணீர் புகுந்தால் 250 கிலோ கூடும். பூச்சில்லாத நெய்த பையில் நீர் வடிந்துவிடும். உள்ளே பாலிதீன் லைனர் இருந்தாலோ துணிக்குப் பூச்சு இருந்தாலோ வடியாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என்று ஆண்டுக்கு இருமுறை மழை பெறும் ஊரில், திறந்த வெளியில் கிடந்த பையை நிரப்பிய நாளின் எடையை நம்பித் தூக்கக் கூடாது. மறுபடி எடை போட வேண்டும்.

கலவையான சரக்குக்கும் இதே விதி. 2025 மே மாதம் விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியதும், அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் கடற்கரைகளில் ஒதுங்கியது. மணலோடு சேர்த்து அள்ளித்தான் சேகரிக்க வேண்டியிருந்தது. தனிக் குருணை கன மீட்டருக்கு 600 கிலோகூட வராது. முழுக்க நனைந்த மணல் 1,900 கிலோவுக்கு மேல். அதோடு குருணைகளின் இடுக்குகளில் மணல் புகுந்து உட்காரும். இப்படிப்பட்ட கலவை நிறைந்த பையைப் பார்த்து அதன் எடையை யாராலும் சொல்ல முடியாது. எடை மேடையில் வைத்தால்தான் தெரியும்.

நைசான தூளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. தோன்னக்கல் பகுதியில் எடுக்கப்பட்ட சீனக்களிமண்ணைப் போன்ற தூளைப் பையில் கொட்டும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும். பை நிறைந்ததுபோலத் தெரியும். சற்று நேரத்தில் காற்று வெளியேறிச் சரக்கு இறங்கும். இறங்கிய இடத்தைப் பார்த்து, "இன்னும் கொள்ளும்" என்று மேலும் கொட்டுவதுதான் அளவு மீறும் இடம். குறித்த எடை வந்ததும் நிரப்புவதை நிறுத்திவிடுங்கள், மேலே எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும்.

சதுரப் பை உருளையாகும்போது

0.89 கன மீட்டர் என்ற எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. சரக்குக் கொட்டியதும் பையின் பக்கங்கள் பிதுங்கி, சதுரம் வட்டத்தை நோக்கிப் போகும். சுற்றளவு மாறாது, 90 செ.மீ. பக்கமுள்ள பைக்கு அது 3.6 மீட்டர். அதே சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டம் சுமார் 1.15 மீட்டர், பரப்பு 1.03 சதுர மீட்டர். சதுரமாக இருந்தபோது பரப்பு 0.81 மட்டுமே. ஆகவே "பாதி உயரத்துக்கு நிரப்பு" என்று ஆளிடம் சொன்னால், நீங்கள் மனத்தில் நினைத்ததைவிடக் கால் பங்குக்கும் மேல் கூடுதலாகச் சரக்கு உள்ளே போகலாம். உயரத்தை அடையாளமாக வைத்து நிரப்புவதை நான் எந்தக் கிடங்குக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

90 செ.மீ. பை இவ்வளவு பரவலாக இருப்பதற்கும் இந்தப் பிதுக்கம் ஒரு காரணம். இருபது அடி கன்டெய்னரின் உள்ளகலம் சுமார் 2.35 மீட்டர், நீளம் 5.9 மீட்டர். பிதுங்கிய பை அகலத்தில் இரண்டும் நீளத்தில் ஐந்தும் உட்காரும். இரண்டு அடுக்கு வைத்தால் இருபது பை. பைக்கு ஒரு டன் என்றால் 20 டன். பைக்கு 200 கிலோ மட்டும் கூடிப்போனாலும் கன்டெய்னரில் 4 டன் அதிகமாகிவிடும். 2016 ஜூலை 1 முதல், சரக்கேற்றிய கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்துச் சான்று கொடுத்தால்தான் கப்பலில் ஏற்றலாம் என்பது பன்னாட்டு விதி. 2025 மே 2இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞம் துறைமுகமும் இதற்கு விலக்கில்லை.

கனமான சரக்குக்குப் பெரிய பை வாங்குவது வீண் மட்டுமில்லை, நிலையற்றதும்கூட. நிரம்பிய உயரம், அடிப்பக்க அளவின் பாதிக்குக் குறையாமலும் இரு மடங்கைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் பின்பற்றும் வரம்பு. ஒரு டன் இல்மனைட் 0.4 கன மீட்டர். 90 செ.மீ. பையில் அது 40 செ.மீ. உயரத்துக்குள் படுத்துவிடும்; வரம்புக்குக் கீழே. 75 செ.மீ. பக்கமுள்ள குட்டையான பையில் 56 செ.மீ. வரை நிற்கும். அதுவே சரியான தேர்வு. அதில் நிறையக் கொட்டவும் இடமிருக்காது என்பது கூடுதல் பாதுகாப்பு.

ஐந்து மடங்கு எங்கே செலவாகிறது

"ஐந்து டன் தாங்கும் பைதானே, ஒன்றரை டன் போட்டால் என்ன?" என்று கேட்பவர்களை எல்லாத் தளத்திலும் பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐந்து மடங்கு என்பது புதுப் பையை, சோதனைக் கூடத்தில், நேராக மேல்நோக்கி, மெதுவாக இழுத்தபோது கிடைத்தது. தளத்தில் இவற்றில் எதுவும் அப்படியே இருப்பதில்லை. முதலில் வெயில். பை நெய்யப்படும் பாலிபுரொப்பிலீன் புற ஊதாக் கதிரில் நைந்து போகும். அதைத் தாங்க மருந்து சேர்த்தாலும், 200 மணி நேரச் சோதனைக் கதிர்வீச்சுக்குப் பிறகு துணியின் பலத்தில் பாதியாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதுதான் தரத்தின் எதிர்பார்ப்பு. பல மாதம் வெட்டவெளியில் கிடந்த பைக்குப் பாதி பலம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து இரண்டரையாகிறது.

அடுத்து வெடுக்கென்று தூக்குவது. தொங்கலாக இருந்த லூப்பைக் கிரேன் சட்டென்று இறுக்கினால், அந்தக் கணத்தில் எடை இரு மடங்காக உணரப்படும். இது இயற்பியலின் எளிய விதி. லூப் தளர்ந்து பின் இழுபட்டால் அதைவிடவும் கூடும். இரண்டரை இப்போது ஒன்றேகால்.

மூன்றாவது கோணம். நான்கு லூப்பும் செங்குத்தாக நின்றால் ஒரு டன்னில் ஒவ்வொன்றுக்கும் 250 கிலோ. நான்கையும் ஒரே கொக்கியில் சேர்த்து மாட்டினால் லூப்புகள் உள்நோக்கிச் சாயும். செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 354 கிலோ. 60 பாகை சாய்ந்தால் 500 கிலோ. 45 பாகை என்றே கொள்வோம். ஒன்றேகாலை 1.41ஆல் வகுத்தால் 0.88.

ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. லேபிளில் எழுதிய ஒரு டன்னுக்கு ஒரு கிலோகூடக் கூடாமல் ஏற்றியிருந்தும் அந்தப் பை அறுந்துவிடும். வெயிலில் கிடந்த பை, அவசரக்காரக் கிரேன், ஒற்றைக் கொக்கி: எந்தக் கட்டடத் தளத்திலும் இந்த மூன்றும் ஒரே நாளில் சேரக்கூடியவை. ஐந்து மடங்கு இந்த இழப்புகளுக்காகவே ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து கூடுதல் சரக்குக்குப் பங்கு கேட்க இடமில்லை.

கிரேனில் தூக்குவதானால் நான்கு மூலைக்கும் தனித்தனிக் கொக்கியுள்ள சட்டம் வாங்குங்கள். அதன் விலை ஒரு விபத்தின் செலவுக்கு அருகில்கூட வராது. போர்க்லிப்டில் தூக்கும்போது அதன் கைகளை லூப்புகளுக்கு நேராக அகற்றி வைக்க வேண்டும். கைகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் லூப்பை அறுக்கும். உருண்டையான குழாய் உறை மாட்டிக்கொள்ளலாம். இரண்டு லூப்பிலோ மூன்று லூப்பிலோ தூக்குவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

தூக்கும் வண்டியும் தாங்கும் தளமும்

பை தாங்கினாலும் வண்டி தாங்க வேண்டும். 2 டன் போர்க்லிப்ட் என்பது, சரக்கின் எடை மையம் கைகளின் அடியிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால் மட்டும் 2 டன். பிதுங்கிய பை தள்ளித் தொங்கி, அந்தத் தூரம் 70 செ.மீ. ஆனால், முன்சக்கர அச்சுக்கும் கைகளின் அடிக்கும் இடையே 40 செ.மீ. உள்ள வண்டியில் அது சுமார் 1,640 கிலோவாகக் குறையும். உங்கள் வண்டிக்கான சரியான எண் ஓட்டுநர் இருக்கை அருகே உள்ள தகட்டில் இருக்கும். பை ஆடினால் இதுவும் குறையும். ஆகவே பையைத் தரைக்கு அருகே வைத்து மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். சங்கிலி, கொக்கி, சட்டம் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வராத சிறு கிடங்குகளும் இந்த வழக்கத்தைக் கைக்கொள்வது நல்லது.

வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் மறப்பது தளத்தை. வீட்டு அறைத் தளத்தின் வடிவமைப்புச் சுமை ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதிப்படி சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன். அதாவது சுமார் 200 கிலோ. ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு 1.5, சுமார் 150 கிலோ. ஒரு டன் மணல் பை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டரில் உட்காரும். மொட்டை மாடிக்கு வகுத்த சுமையைப்போல ஆறு ஏழு மடங்கு. சரக்குக் கிடங்குத் தளத்துக்கு அதே தரம் குறைந்தது 7.5 கிலோநியூட்டன் என்கிறது. ஒரு டன் பை அதையும் தாண்டும். மாடிக்கு மணல் வேண்டுமானால் பையைக் கீழேயே பிரித்து, சிறு சிறு சுமையாக மேலே ஏற்றிப் பரப்புங்கள். கிடங்கின் தரை நேரடியாக மண்மேல் போட்ட கான்கிரீட் என்றால் கவலை குறைவு. மேல்தளக் கிடங்கு என்றால் பொறியாளரிடம் கேட்காமல் ஒரு பைகூட வைக்காதீர்கள்.

ஒருமுறைப் பையை இரண்டாம் முறை தூக்காதீர்கள்

பழைய ஜம்போ பை மலிவாகக் கிடைக்கிறது. குப்பை சேர்க்க, தென்னை மட்டை கட்ட, செடி வளர்க்க எல்லாம் அது நல்லது. 5:1 என்று எழுதிய பழைய பையில் சரக்கு நிரப்பிக் கிரேனில் மாட்டுவது மட்டும் வேண்டாம். முதல் பயணத்தில் அது எத்தனை முறை இழுபட்டது, எங்கே வெயிலில் கிடந்தது என்று அதை விற்பவருக்கும் தெரியாது. 6:1 பையானாலும் ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் லூப்பை விரலால் வளைத்துப் பாருங்கள். இழை பொடியாக உதிர்ந்தாலோ, நிறம் வெளுத்திருந்தாலோ, லூப் தைத்த இடத்தில் நூல் பிரிந்திருந்தாலோ அந்தப் பையை வெட்டி எறிந்துவிடுங்கள். வெட்டாமல் ஓரமாகப் போட்டால் வேறொருவர் எடுத்து நிரப்புவார்.

பை அறுந்தால் முதலில் அடிபடுகிறவர், அதை நேராக இறக்குவதற்காகக் கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் சுமட்டுத் தொழிலாளி. கேரளத்தில் அவர்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது: 1978ஆம் ஆண்டுச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம். கூலியும் நலநிதியும் அதில் வகுக்கப்பட்டிருக்கின்றன. தொங்கும் பையின் எடை என்ன என்று அறிந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். நிரப்பிய ஒவ்வொரு பையின் மேலும் எடையையும் தேதியையும் தடித்த மார்க்கர் பேனாவால் எழுதுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். பையை நேராக்க நீளமான கயிறு கொடுங்கள். பை அந்தரத்தில் இருக்கும்வரை அதன் கீழோ அருகிலோ யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்துங்கள். எடை எழுதாத பை வந்தால், "தூக்க மாட்டேன்" என்று சொல்லத் தொழிலாளிக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து வையுங்கள்.